ஏழாம் பிரிவில் என்னதான் இருக்கிறது

தையல்காரியின் வீட்டுக் கதவைத் தட்டிய ஒழுக்கப் பாதுகாப்புத் துறை ஊழியர்கள் இரண்டு பேரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார்கள். துறையின் விதி அப்படி. சோதனைக்குப் போகிற வீட்டில் ஆபாசமாக ஏதாவது கண்ணில் பட்டு ஊழியரின் மனசு கெட்டுப்போய்விட்டால், அப்புறம் அந்த ஊழியர் மேல் ஒரு சோதனை போட வேண்டிவரும். ஆகவே வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "பார்க்கலாம்" என்று சொன்ன பிறகுதான் கண்ணைத் திறக்கலாம். திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது வீட்டை அல்ல, வீட்டுக்காரரின் முகத்தை.

"யாருங்க நீங்க? கண்ணுக்கு என்ன ஆச்சு?" என்றாள் தையல்காரி. வாயில் இரண்டு குண்டூசி இருந்தது.

"பார்க்கலாம்னு சொல்லுங்கம்மா."

"எதைப் பார்க்கணும்?"

"அதை நாங்க சொல்லக் கூடாது. நீங்க பார்க்கலாம்னு சொன்னா போதும்."

சொன்னாள். கண்ணைத் திறந்த பெரிய ஊழியர் அவள் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, சின்ன ஊழியரிடம், "திடுக்கிட்டாங்க, குறிச்சுக்கோ" என்றார். கண்ணை மூடிக்கொண்டு வாசலில் நிற்கிற இரண்டு தடியன்களைப் பார்த்தால் யாராயிருந்தாலும் திடுக்கிடத்தான் செய்வார்கள். ஆனால் துறையின் அனுபவத்தில், குற்றம் செய்தவர்கள் திடுக்கிடுவார்கள், செய்யாதவர்களும் திடுக்கிடுவார்கள், திடுக்கிடாதவர்கள் பழகிப்போன குற்றவாளிகள்.

"இல்லற ஒழுக்கப் பாதுகாப்புச் சட்டம், ஏழாம் பிரிவை மீறியிருக்கீங்க. உங்க கூட இருக்கிற ஆளும்தான். புகார் வந்திருக்கு."

"ஏழாம் பிரிவுன்னா என்னங்க?"

"அது சொல்றதுக்கு இல்லம்மா."

"நான் செஞ்ச குத்தம் என்னன்னு எனக்கே சொல்ல மாட்டீங்களா?"

பெரிய ஊழியர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "செஞ்ச உங்களுக்கே தெரியலைன்னா, எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டுவிட்டு இருவரும் படியிறங்கிப் போனார்கள்.

கூட இருக்கிற ஆள் என்று அவர் சொன்னது கண்டக்டரை. தையல்காரி புருஷனை இழந்தவள். கண்டக்டர் வயது போன கட்டைப் பிரம்மச்சாரி. அவருடைய சட்டையில் காக்கிப் பொத்தான் அறுந்துபோன ஒரு நாள் அவள் கடைக்கு வந்தார், அப்புறம் அவருடைய பொத்தான்கள் சந்தேகப்படும்படி அடிக்கடி அறுந்தன. இப்போது மூன்று வருஷமாக ஒரே வீடு. அவர் அவளை "டெய்லரம்மா" என்பார், அவள் அவரை "கண்டக்டரே" என்பாள். கேலியாக ஆரம்பித்தது, நிலைத்துவிட்டது.

அன்று வேலை முடிந்து வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னாள். குற்றம் உறுதியானால் பிரித்துவைப்பு ஆணை வரும். அவர் வேறு வீடு பார்த்துக்கொண்டு போக வேண்டும், இந்தத் தெருவுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. இந்த வயதில் அவரில்லாத வீட்டில் தையல் மெஷின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு இருப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"முதல்ல நாம என்ன செஞ்சோம்னு பார்ப்போம்" என்றார் கண்டக்டர்.

சட்டப் புத்தகம் விற்கிற கடைக்குப் போனார்கள். ஆறாம் பிரிவு இருந்தது, எட்டாம் பிரிவு இருந்தது. நடுவில் ஒரு முழுப் பக்கம் வெள்ளையாக இருந்தது. மேலே "விலக்கப்பட்ட செயல்கள்" என்று தலைப்பு, அடியில் பொடி எழுத்தில் "படிப்பவர் நலன் கருதி அச்சிடப்படவில்லை".

"இந்தப் பக்கத்துக்காகத்தான் சார் புத்தகமே இப்படி வித்துப் போகுது" என்றார் கடைக்காரர். "வெளிச்சத்துல பிடிச்சுப் பார்க்கறாங்க. இஸ்திரி போட்டுப் பார்க்கறாங்க. ஒருத்தர் எலுமிச்சம்பழம் தேய்ச்சுப் பார்த்துட்டுத் திருப்பிக் கொடுக்க வந்தார். வாங்கிக்கல."

அன்றிலிருந்து அந்த வீட்டில் நிம்மதி போயிற்று. என்ன செய்தாலும் இதுதானோ என்று ஒரு சந்தேகம். ஒரே துண்டில் இருவரும் முகம் துடைப்பது ஏழாம் பிரிவாக இருக்குமோ? அவர் குளிக்கும்போது அவள் வெளியே நின்று பேசிக்கொண்டிருப்பது? தூக்கத்தில் அவர் "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று கத்துவார், தொழில் புத்தி. அது பக்கத்து வீட்டுக்குக் கேட்டு வேறு மாதிரி அர்த்தமாகியிருக்குமோ? இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ யார்கிட்டயாவது ஏதாவது சொன்னியா?" என்று கண்டக்டர் ஒரு நாள் கேட்டார்.

"நான் எதுக்குச் சொல்றேன்? நீங்கதான் டிப்போவுல வாய் ஓயாம பேசுவீங்க."

மூன்று வருஷத்தில் அவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சந்தேகப்பட்டது அதுவே முதல் தடவை. துறை இன்னும் ஒரு விசாரணையும் தொடங்கியிருக்கவில்லை, அதற்குள் பாதி வேலை முடிந்துவிட்டிருந்தது.

துறை அலுவலகத்துக்குப் போனார்கள். துணை ஒழுக்க அலுவலர் தங்கமான மனிதர். உட்காரச் சொன்னார். இரண்டு நாற்காலிக்கும் நடுவில் ஒரு மரத்தடுப்பு நிரந்தரமாக ஆணியடித்து வைக்கப்பட்டிருந்தது.

"உங்களுக்கு இந்தச் சட்டத்தோட பெருமை தெரியலம்மா" என்று ஆரம்பித்தார். "நம்ம மூணு மதத்துப் பெரியவங்களும் எந்தக் காலத்துலயாவது ஒண்ணா உட்கார்ந்து பார்த்திருக்கீங்களா? கடவுள் யாருன்னு கேட்டா ஒத்துக்க மாட்டாங்க. எந்தப் பக்கம் திரும்பிக் கும்பிடணும்னு கேட்டா அடிதடி ஆயிடும். பசிச்சவங்களுக்குச் சோறு போட ஒரு பொதுத் திட்டம் சொல்லுங்கன்னு அரசாங்கம் கேட்டுச்சு. எங்க அப்பா இதே ஆபீஸ்ல வேலை பார்த்த காலத்துல கேட்டது, இன்னும் பேசிக்கிட்டே இருக்காங்க. ஆனா அடுத்தவங்க படுக்கையறையில என்னென்ன நடக்கக் கூடாதுன்னு கேட்டோம் பாருங்க, மத்தியானம் உட்கார்ந்தாங்க, சாயங்காலம் முடிஞ்சுபோச்சு. அப்படி ஒரு ஒற்றுமை. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

"அதை ஏன் சார் எழுதி வைக்கல?" என்றார் கண்டக்டர்.

"எழுதத்தான் உட்கார்ந்தோம். நெட்டைப் பெரியவர் ஒண்ணு சொன்னார், டைப்பிஸ்ட் எழுந்து போயிட்டார். அடுத்தது குட்டைப் பெரியவர் ஒண்ணு சொன்னார். அது மத்த ரெண்டு பெரியவங்களுக்கும் தெரியாத விஷயம். இப்படியெல்லாம்கூட உண்டான்னு விளக்கம் கேட்டாங்க. பாதி நேரம் அந்த விளக்கத்துக்கே போச்சு. கடைசியில மெலிஞ்ச பெரியவர், அவர்தான் மூத்தவர், அவர் சொன்னார். இதை எழுதி வெச்சா படிக்கிறவன் கத்துக்குவான், நாமளே இன்னிக்குக் கொஞ்சம் கத்துக்கிட்டோம், பாவத்தோட பேரைச் சொல்றதே பாவம், அதனால இது நம்ம மூணு பேர் மனசுலயே பத்திரமா இருக்கட்டும்னு. அரசாங்கமும் ஒத்துக்கிட்டது."

"அப்ப உங்களுக்கும் தெரியாதா?"

அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் கல்யாணம் ஆகி ரெண்டு பசங்க இருக்காங்கம்மா. சட்டம் வந்ததுல இருந்து நான் ஹால்ல படுக்கறேன். எது இருக்கு எது இல்லைன்னு தெரியாம எதுக்கு வம்பு? என் சம்சாரம் முதல்ல கோவிச்சுக்கிட்டா. இப்ப அவளும் என்னைச் சந்தேகமாத்தான் பார்க்கறா. ஒழுக்கம் எங்க வீட்டுக்குள்ளயும் வந்துடுச்சுன்னு பெருமையா இருக்கு."

தையல்காரிக்குப் பொறுக்கவில்லை. "நாங்க கல்யாணமே பண்ணிக்கறோம்னு கேட்டோம் சார். எங்க மதத்துப் பெரியவர்கிட்ட போனோம், வேற மதத்து ஆளுக்குப் பண்ணி வைக்க மாட்டேன்னுட்டார். இவர் மதத்துல போய்க் கேட்டோம், அதே பதில். சரி, ரெண்டு பேருமே மூணாவது மதத்துக்கு வந்துடறோம்னு அங்க போனோம். கல்யாணத்துக்காக வர்றவங்களை எங்க கடவுள் ஏத்துக்க மாட்டார்னு அனுப்பிட்டாங்க. இப்ப கல்யாணம் இல்லாம இருக்கோம்னு அவங்களேதான் எங்களைப் பிரிக்கறாங்களா?"

"கல்யாணம் மதத்தோட விஷயம்மா. அதுல அரசாங்கம் தலையிடாது."

"அப்ப இது?"

"இது அரசாங்கத்தோட விஷயம். இதுல மதம் தலையிடும்."

அவர் அதைச் சொன்ன விதத்தில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரே ஒரு வழி இருப்பதாகவும் சொன்னார். வக்கீல் கிடையாது, வக்கீல் வந்தால் கேள்வி கேட்பார். ஆனால் ஒப்புதல் உண்டு. வீட்டில் நடப்பதை அவளே பெரியவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். அது அவர்கள் மனசில் இருப்பதோடு ஒத்துப்போனால் பிரித்துவைப்பு ஆணை. ஒத்துப்போகாவிட்டால் விடுதலை. ஒன்றுமே சொல்லாவிட்டாலும் பிரித்துவைப்புதான்.

"எங்க வீட்டுக்குள்ள நடக்கறதை மூணு ஆம்பளைங்க முன்னாடி சொல்றது ஆபாசம் இல்லையா சார்?"

"அவங்க சுவரைப் பார்த்துத்தாம்மா உட்கார்ந்திருப்பாங்க."

"நான் சொல்றேனே" என்றார் கண்டக்டர்.

"கூடாது சார். ஆம்பளைங்களுக்குக் கூச்சமா இருக்கும். அதனால பொம்பளைங்களைத்தான் கேக்கறது."

விசாரணை மண்டபத்தில் நீதிபதி நடுவில் இருந்தார். மூன்று பெரியவர்களும் சொன்னபடியே முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு ஆபாசத்தை நெருங்கும்போது அடிப்பதற்கு ஒரு மணி வைத்திருந்தார்கள், அதை அடிக்க ஒரு மணிக்காரரும் இருந்தார். மணிக்காரருக்கும் ஏழாம் பிரிவு தெரியாதென்பதால் அவர் ஒரு ஜாக்கிரதைக்காக எல்லாவற்றுக்கும் அடித்தார்.

புகார் கொடுத்த சாட்சியைக் கூப்பிட்டார்கள். வந்தவள் பக்கத்து வீட்டு டீச்சர். தையல்காரி அவளுக்கு எத்தனையோ ரவிக்கை தைத்துக் கொடுத்திருக்கிறாள். டீச்சரின் கணவர் ரிட்டயர் ஆன பேங்க் மேனேஜர். "சாப்பாடு", "பேப்பர்", "ஃபேன்" தவிர வேறு வார்த்தை அவர் மனைவியிடம் பேசி யாரும் கேட்டதில்லை.

"ஜன்னல் வழியா பார்த்தேனுங்க" என்றாள் டீச்சர்.

"என்ன பார்த்தீங்க?" என்றார் நீதிபதி.

மணி அடித்தது. நீதிபதி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கேள்வியை மாற்றினார். "எவ்வளவு நேரம் பார்த்தீங்க?"

"முடியற வரைக்கும்."

"எத்தனை தடவை?"

"ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயித்துக்கிழமை. நான் ஒரு தடவையும் விட்டதில்ல."

"உங்க கடமை உணர்ச்சியைப் பாராட்டறேன். பார்த்தது விலக்கப்பட்டதுன்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

டீச்சர் புடவைத் தலைப்பைத் திருகினாள். "அந்தம்மா நாற்காலியில உட்கார்ந்திருந்தாங்க. அவர் கீழே தரையில இருந்தார். கையில ஒரு கருவி இருந்தது."

மணி நிற்காமல் அடித்தது. மூன்று முதுகுகளும் நிமிர்ந்தன.

"அதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சுக்குள்ள என்னவோ மாதிரி ஆயிடும்" என்று டீச்சர் மணிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னாள். "வீட்டுக்குள்ள திரும்பிப் பார்த்தா அவர் பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பார். எனக்கு அழுகையா வரும். ஒரு தப்பும் இல்லாத விஷயம்னா நான் எதுக்கு அழணும், நீங்களே சொல்லுங்க?"

சாட்சியம் மிகவும் வலுவானது என்று நீதிபதி பதிவு செய்துகொண்டார்.

கருவி என்றதுமே தையல்காரிக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. திரும்பிக் கண்டக்டரைப் பார்த்தாள். அவருக்கும் புரிந்திருந்தது, அவருடைய காது சிவந்திருந்தது. இத்தனை நாள் தெரியாமல் தவித்ததைவிட இப்போது தெரிந்துபோனது இன்னும் கஷ்டமாக இருந்தது. அதை இந்த மண்டபத்தில் சொல்ல வேண்டுமே.

அவளைக் கூண்டில் ஏற்றினார்கள். "காலையில அவர் டீ போடுவார்" என்று ஆரம்பித்தாள்.

"முக்கியமானதுக்கு வாங்க" என்றது நெட்டை முதுகு.

"எனக்கு முட்டி மடங்காதுங்க. மெஷின் மிதிச்சு மிதிச்சு அப்படி ஆயிடுச்சு. குனிஞ்சா கால் விரல் எட்டாது. அதனால ஞாயித்துக்கிழமை அவர் வெந்நீர் வெச்சு, அதுல என் காலை ஊற வெச்சு, துடைச்சு, நகம் வெட்டி விடுவார்."

மணிக்காரர் கையை ஓங்கினார், எதற்கு அடிப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றார்.

"அப்புறம்?" என்றது குட்டை முதுகு.

"சுண்டு விரல் நகம் உள்பக்கமா வளரும். அதை வெட்டறப்ப, வலிக்குதா வலிக்குதான்னு கேட்டுக்கிட்டே வெட்டுவார். வலிக்கலைன்னு சொன்னாலும் கேப்பார்."

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் தரையைக் கூட்டுவார்."

"அதுக்கும் அப்புறம்?"

"அவ்வளவுதாங்க."

சொல்லி முடித்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் காரியத்தில் கூசுவதற்கு ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தங்கள் இரண்டு பேருக்கு மட்டும் சொந்தமாக இருந்த ஒன்றை எடுத்து மூன்று முதுகுகளிடம் கொடுத்துவிட்டோமே என்று இருந்தது.

பெரியவர்கள் தலையை ஒன்றாக வைத்துக்கொண்டார்கள். மூவருக்கும் காது மந்தம் என்பதால் அவர்கள் கிசுகிசுத்தது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"நம்மகிட்ட இது இல்லையே" என்றார் நெட்டைப் பெரியவர்.

"கால் இருக்கு" என்றார் குட்டைப் பெரியவர். "ஆனா அது வேற விஷயம்."

"அப்ப விட்டுடலாமா? நகம் வெட்டறதுல என்ன தப்பு?"

மெலிந்த பெரியவர் மெதுவாகச் சொன்னார். "என் நகத்தை நானேதான் வெட்டிக்கறேன். கை நடுங்குது, சில சமயம் ரத்தம் வந்துடும். லட்சம் பேர் என் கால்ல விழுந்திருக்காங்க. வலிக்குதான்னு ஒருத்தரும் கேட்டதில்ல." பெருமூச்சு விட்டார். "நாம விலக்கி வெச்சதெல்லாம் என்ன? ஆசை. கொஞ்ச நேரத்துல அடங்கிடும். அடங்கினதும் ஜனங்களுக்குப் பயம் வரும், நம்மகிட்ட ஓடி வருவாங்க. இது அடங்கற மாதிரி தெரியலையே. ரெண்டு பேர் இப்படி இருந்துட்டா அவங்களுக்கு நாம எதுக்கு? இதுதான் எல்லாத்தையும்விட ஆபத்து. முதல்ல இதைச் சேருங்க."

"கல்யாணம் ஆகாதவங்களுக்கு மட்டும்தானே?"

"ஆனவங்களுக்கும் சேர்த்துத்தான். அவங்ககிட்ட இது பரவினா இன்னும் மோசம்."

நீதிபதி தீர்ப்புச் சொன்னார். சம்பவம் நடந்த காலத்தில் அது ஏழாம் பிரிவில் இல்லாததால் இருவரும் விடுதலை. சேர்ந்தே வசிக்கத் தடையில்லை. ஆனால் இன்று முதல் ஒருவர் கால் நகத்தை இன்னொருவர் வெட்டுவது விலக்கப்பட்ட செயல். மீறினால் விசாரணை இல்லாமலே பிரித்துவைப்பு. கருவி அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டும்.

எல்லார் முன்னாலும் சொல்லப்பட்டுவிட்டதால் இதை மட்டும் மறைக்க வழியில்லாமல் போயிற்று. ஏழாம் பிரிவில் என்ன இருக்கிறது என்று தவித்துக்கொண்டிருந்த ஊருக்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்துவிட்டது. சுவர்களில் "உன் நகம் உன் பொறுப்பு" என்று துறை எழுதி வைத்தது. குழந்தைகளுக்கு நகம் வெட்டலாமா என்று தாய்மார்கள் கேட்டதற்கு, விளக்கம் பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. செருப்புக் கடைகளில் திரை கட்டினார்கள். ஊரில் யாரும் அதற்குமுன் அடுத்தவர் கால் நகத்தைப் பற்றி யோசித்ததே இல்லை. இப்போது வேறு எதையுமே யோசிக்கவில்லை.

தையல்காரியின் நகம் வளர்ந்தது. முட்டி சட்டத்துக்காக மடங்கவில்லை. சுண்டு விரல் நகம் சதைக்குள் இறங்கி, மெஷினை மிதிக்கிறபோதெல்லாம் உயிர் போயிற்று. நொண்டி நொண்டி நடந்தாள். கண்டக்டர் அதைப் பார்க்கச் சகிக்காமல் மருந்துக் கடைக்குப் போனார்.

"நகவெட்டி ஒண்ணு."

கடைக்காரர் இரண்டு பக்கமும் பார்த்தார். "சொந்த உபயோகத்துக்கா?"

"ஆமா."

"கைக்கா, காலுக்கா?"

"கைக்குத்தான்."

"காலுக்குன்னா பெரிசு இருக்கு" என்று குரலைத் தாழ்த்திய கடைக்காரர், பதிலுக்குக் காத்திராமல் பெரியதையே எடுத்துப் பழைய பேப்பரில் மடித்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண்டக்டர் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். தையல்காரி காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம். பிடிச்சா இந்தத் தடவை உங்களை அனுப்பிடுவாங்க. நான் வலியோட இருந்துக்கறேன். நீங்க இருந்தா போதும்."

"நான் இங்க இருந்து நீ வலியில நொண்டறதை வேடிக்கை பார்க்கறதுக்கு, நான் போயிடறதே மேல். காலை நீட்டு டெய்லரம்மா."

அவர் ஜன்னலைச் சாத்தித் திரையையும் இழுத்துவிட்டார். மூன்று வருஷத்தில் அந்த ஜன்னலை இதற்காக ஒரு நாளும் சாத்தியதில்லை. அதைப் பார்த்ததும் தையல்காரிக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு தப்பும் செய்யாமல் திருட்டுத்தனம் பழக வேண்டியிருக்கிறதே என்று வாய்விட்டே சொன்னாள். சொல்லிக்கொண்டே காலை நீட்டினாள்.

முதல் நகம் "டக்"கென்று விழுந்தது. அந்தச் சின்னச் சத்தம் இவ்வளவு பெரியதென்று அவர்களுக்கு இத்தனை நாள் தெரியாது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தார்கள். மெல்லிய சுவர். அந்தப் பக்கம் டீச்சர் வீடு.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு "டக்" கேட்டது.

கண்டக்டரின் கை நின்றது. டீச்சர் வேண்டுமென்றே செய்கிறாளோ, துறை ஆட்களைக் கூட்டி வைத்துக்கொண்டு பொறி வைக்கிறாளோ என்று தையல்காரி காலை இழுத்துக்கொண்டாள். இன்னொரு "டக்" கேட்டது. அதன் பிறகு ஒரு ஆண் குரல், பேசிப் பழக்கமில்லாத குரல், "வலிக்குதா?" என்று கேட்டது.

பிறகு டீச்சரின் குரல் கேட்டது.

"இல்ல. முதல்ல போய் ஜன்னலைச் சாத்திட்டு வாங்க."

தையல்காரி மறுபடி காலை நீட்டினாள்.